மூளைக்குள் ஒரு காவற்படை



வீட்டில் வாப்பாவுக்கோ மாமிக்கோ திடீரென வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியாமல் விழுகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் அது பாரிசவாதம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால், அந்நேரம் தலைக்குள் நடப்பது என்ன?

பெரும்பாலானோருக்கு மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாயொன்றை இரத்தக்கட்டி அடைத்துவிடுகிறது. சிலருக்குக் குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. பெரிய குழாயொன்று அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக்கலங்கள் அழிவதாக 2006ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது.

நரம்புக்கலங்களுக்கிடையே காவற்கலங்களும் வாழ்கின்றன. இவற்றுக்கு மைக்ரோகிளியா என்று பெயர். 1919இல் இவற்றைத் தெளிவாக இனங்கண்டு பெயரிட்டவர் ஸ்பெயின் நாட்டு விஞ்ஞானி பியோ டெல் ரியோ ஓர்த்தேகா. இவை ஓய்வாகக் கிடப்பவை என்றே நீண்டகாலம் எண்ணினார்கள். உயிருள்ள எலிகளின் மூளையை 2005இல் நுணுக்குக்காட்டியால் பார்த்தபோதுதான், மெல்லிய கைகளை நீட்டியும் மடக்கியும் இவை ஓயாமல் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்ப்பது தெரியவந்தது.

பாரிசவாதம் வந்ததும் இக்கலங்கள் உருமாறி அந்த இடத்துக்கு விரைகின்றன. இறந்த கலங்களை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. அதே வேளை அழற்சியைத் தூண்டும் பொருட்களையும் சுரக்கின்றன. இரத்தத்திலுள்ள வெண்கலங்களும் வந்து சேர்கின்றன. இதனால் அரை உயிரோடிருக்கும் அயற்கலங்களும் பாதிப்படையலாம். தீயணைக்க வந்தவர்கள் பக்கத்து வீட்டுக் கூரையையும் பிரித்துப் போடுவதைப் போன்றது இது.

அப்படியானால் இவற்றை அடக்கிவிட்டால் என்ன? வெண்கலங்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் மருந்தொன்றை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தனர். அதைப் பெற்றவர்களின் நிலை மேலும் மோசமானது என்பது 2001இல் வெளியான முடிவு. மைக்ரோகிளியாவை அகற்றிய எலிகளில் மூளைச் சேதம் கூடியதாக 2016இல் அறிந்தனர். ஏனெனில், நாட்கள் செல்லச் செல்ல இதே கலங்கள்தான் அழற்சியைத் தணித்து, வளர்ச்சிக்கு உதவும் பொருட்களைச் சுரந்து, புதிய நரம்புத் தொடர்புகள் உருவாகவும் துணை நிற்கின்றன.

இதிலிருந்து வீட்டிலிருக்கும் நாம் அறிய வேண்டியவை இரண்டு.

முதலாவது, அவசரம். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே 1990 இலக்க அம்புலன்ஸை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போடப்பட வேண்டும். அடைப்பா, கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஆகவே வீட்டில் அஸ்பிரின் கொடுக்காதீர்கள். விழுங்குவது தடைப்பட்டிருக்கலாம் என்பதால் தண்ணீரோ கஞ்சியோ பருக்கவும் வேண்டாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நேரத்தைப் போக்கவும் வேண்டாம். பின்னர் காய்ச்சல் கண்டால் வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். காய்ச்சல் மூளைக் காயத்தைக் கூட்டக்கூடியது.

இரண்டாவது, பொறுமை. "இனி இவரால் ஒன்றும் இயலாது" என்று ஒரு மூலையில் படுக்கவைத்துவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய அநியாயம். முதல் மூன்று மாதங்களில்தான் முன்னேற்றம் அதிகம் தெரியும். அதற்குப் பிறகும் அது நின்றுவிடுவதில்லை. பிசியோதெரபி சொல்லித்தந்த பயிற்சிகளை நாள்தோறும் செய்விக்க வேண்டும். கோப்பையைத் தாமே பிடிக்க, சட்டைப் பொத்தானைத் தாமே பூட்ட விடுங்கள். அன்பு மிகுந்து எல்லாவற்றையும் நாமே செய்து கொடுத்தால், பழுதடைந்த மூளைக்குப் பழகிக்கொள்ளும் வாய்ப்பே இல்லாமற் போய்விடும். பேச்சுக் குழறினாலும் அவரோடு பேசுங்கள். ஒரு சொல்லை அவர் தேடி எடுக்கும்வரை காத்திருங்கள்.