விலையைக் கழித்த வாசிப்பு

லொரைன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் த சன்' (1959) நாடகத்தைப் பற்றி யார் எழுதினாலும் 'மானுடக் கனவு', 'குடும்ப கண்ணியம்' என்ற சொற்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. இந்தப் பாராட்டின்மேல் எனக்கு நெடுநாள் சந்தேகம் உண்டு. அந்த நாடகம் ஒரு வீட்டின் விலையைப் பற்றியது. விலையைக் கழித்துவிட்டுக் கனவை மட்டும் எடுத்துக்கொள்வது இலக்கிய வாசகர்களாகிய நமக்கு வசதியான பழக்கம்.

இறந்த கணவரின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர். அதில் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, சிகாகோவின் வெள்ளையர் பகுதியொன்றில் லீனா யங்கர் வீடு வாங்குகிறாள். புரட்சி செய்யவா? இல்லை. கறுப்பர்களுக்கென்று ஒதுக்குப்புறத்தில் கட்டப்படும் வீடுகள் ஏறத்தாழ இருமடங்கு விலை என்று அவளே சொல்கிறாள். இருப்பவனுக்கு மலிவாகவும் இல்லாதவனுக்கு இருமடங்காகவும் விற்கும் சந்தை எப்படி உண்டாயிற்று?

உண்டாக்கினார்கள். கறுப்பருக்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று வீட்டு உரிமையாளர்கள் தமக்குள் ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தார்கள். 1948 வரை நீதிமன்றங்கள் அவற்றை நிறைவேற்றிக் கொடுத்தன. 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்கு அரசின் உத்தரவாதம் அளித்தது. கறுப்பர் வாழும் பகுதிகளுக்கு அதை மறுத்தது. வங்கிக் கடன் கிடைக்காதவரைத் தேடித் தரகர்கள் வந்தார்கள். மலிவாக வாங்கிய வீட்டை இருமடங்கு விலைக்குத் தவணையில் விற்பார்கள். கடைசித் தவணை முடியும்வரை பத்திரம் தரகர் கையில்தான். இடையில் ஒன்று தவறினால் வீடும் போகும், கட்டிய பணமும் போகும். பிறகு அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு.

ஹான்ஸ்பெரியின் தந்தை 1937இல் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கி, உச்ச நீதிமன்றம்வரை சென்று 1940இல் வென்றார். தீர்ப்பு வழக்கு நடைமுறை சார்ந்த ஒரு காரணத்தில் நின்றது. இன ஒப்பந்தங்களை அது தொடவில்லை. குடும்பத்தோடு மெக்ஸிகோவில் குடியேற எண்ணியிருந்தவர் 1946இல் அங்கேயே இறந்தார். அவரும் அடுக்ககங்களைச் சிறுசிறு அறைகளாகத் தடுத்துத் தம் இனத்தவருக்கே வாடகைக்கு விட்டுப் பொருளீட்டியவர்தாம். இதை மறைத்து அவரைத் தியாகியாக்குவதும் நேர்மையாகாது. அடைத்துவைத்த சந்தைக்குள் அடைபட்டவரும் லாபம் பார்ப்பார்.

'1968இல்தான் சட்டம் வந்துவிட்டதே, பணமிருந்தால் யாரும் வாங்கலாமே' என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அரசு உத்தரவாதத்தில் 1950இல் வீடு வாங்கிய வெள்ளையரின் பேரனுக்கு அந்த வீடே முன்பணம். அப்போது தவணையில் ஏமாந்தவரின் பேரனுக்கு வாடகை ரசீதுதான் மிச்சம். இன்று அமெரிக்க வெள்ளையர் குடும்பங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் சொந்த வீட்டில் வாழ்கின்றன. கறுப்பர் குடும்பங்களில் அது 50 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இதைக் 'கட்டுப்படியாகும் விலை' குறித்த பொதுப் பிரச்சினை என்று மட்டும் பேசுவது தரகரின் கணக்குப் புத்தகத்தை ஒளித்துவைக்கும் வேலை.

திரை விழும்போது யங்கர் குடும்பம் பழைய வீட்டைவிட்டுக் கிளம்புகிறது, அவ்வளவுதான். புது வீட்டை நாம் பார்ப்பதேயில்லை. ஹான்ஸ்பெரி பார்த்திருந்தார். சிறுமியாக அவர் குடியேறிய வீட்டுக்குள் கும்பல் எறிந்த கல் மயிரிழையில் அவர் தலையைத் தப்பியது. அவருடைய தாய் இரவெல்லாம் கைத்துப்பாக்கியுடன் வீட்டைக் காவல் காத்தார்.