ஓக்கியின் குரலைக் கைப்பற்றியவர் யார்?

அமெரிக்கப் பாடகர் மேர்ல் ஹகார்ட்டின் பெயரை எடுத்தவுடனேயே முற்போக்காளர் பலர் முகஞ் சுளிப்பர். "வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த மாணவரை எள்ளி நகையாடியவன், நிக்சனின் மாளிகையிலே பாடியவன். பிற்போக்குக் கும்பலின் பாணனைப் பற்றி நமக்கென்ன ஆராய்ச்சி?" என்று கேட்பர். மறுபுறத்திலே தூய கலைவாதிகள் நிற்கின்றனர். "அந்தக் குரலின் குழைவை மட்டும் கேளுங்கள், அரசியலை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்" என்பது அவர்தம் உபதேசம்.

எதிரெதிரே நிற்பதுபோலத் தோன்றும் இவ்விரு சாராரும் உண்மையில் ஒரே தவற்றையே செய்கின்றனர். ஒருவர் பாட்டைக் கேளாமலே பாடகரைத் தள்ளுகிறார். மற்றவர் பாட்டின் பொருளைக் கேளாமலே பாடகரைக் கொள்கிறார். அந்தப் பாட்டைப் பெற்றெடுத்த வர்க்கம் எது, அவ்வர்க்கத்தின் குரல் எவ்வாறு அதன் எதிரியின் கொடியின் கீழே கொண்டுசென்று நிறுத்தப்பட்டது என்னும் கேள்வியை இருவரும் கேட்பதில்லை. அதனை நாம் கேட்டே தீரவேண்டும்.

1930ஆம் ஆண்டுகளில் ஒக்லஹோமாவிலும் அதனை அடுத்த மாநிலங்களிலும் வறட்சியும் புழுதிப் புயலும் நிலத்தைப் பாழாக்கின. விளைபொருளின் விலை வீழ்ந்தது. வங்கிகள் கடனுக்காகக் காணியைப் பறித்தன. குத்தகைக் குடும்பங்கள் செய்த வேலையை உழவு இயந்திரம் பிடித்துக்கொண்டது. இலட்சக்கணக்கான ஏழை உழவர் கலிபோர்னியாவை நோக்கிப் புறப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு எத்தகையது? 1936இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பொலிசார் மாநில எல்லையிலேயே காவல் நின்று வறியவரைத் திருப்பியனுப்பினர். 'ஓக்கி' என்பது அவர்களுக்கு இடப்பட்ட இழிபெயர். அழுக்கர், சோம்பேறிகள், அரசின் நிவாரணத்தைத் தின்ன வந்தவர்கள் என்னும் வசைகள் அத்தனையும் அவ்வொரு சொல்லில் அடங்கின. அவர்களின் துயரை ஜோன் ஸ்ரைன்பெக் 1939இல் நாவலாக்கினார். அக்கதையின் களங்களுள் ஒன்றான கேர்ன் மாவட்டத்தின் ஆட்சியாளர், அதே ஆண்டில் அந்நூலைத் தங்கள் வாசிகசாலைகளிலும் பாடசாலைகளிலும் தடைசெய்தனர்.

அந்தக் கேர்ன் மாவட்டத்திலே, பேக்கர்ஸ்பீல்ட் நகரை அடுத்த ஒயில்டேலில், 1937 ஏப்ரல் 6ஆம் திகதி ஹகார்ட் பிறந்தார். பெற்றோர் ஒக்லஹோமாவிலிருந்து வந்தவர்கள். தந்தை புகையிரதப் பகுதியில் வேலைசெய்தார். பழைய புகையிரதப் பெட்டியொன்றையே வீடாக்கிக் குடும்பத்தைக் குடியமர்த்தினார். 1946இல், மகனுக்கு ஒன்பது வயதானபோது, தந்தை இறந்தார். தாய் வேலைக்குப் போக, மகன் தெருவுக்குப் போனான். சிறு திருட்டு, சீர்திருத்தப் பள்ளி, தப்பியோடல், மீண்டும் பிடிபடல் என்று இளமை கழிந்தது. ஈற்றில் 1958இல் சான் குவென்ரின் சிறைக்குள் அடைக்கப்பட்டு, 1960இல் வெளியே வந்தார். 1965இல் கப்பிட்டல் இசைத்தட்டுக் கம்பனி அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது.

அவர் பாடிய இசையைக் 'கன்ட்ரி' என்பர். தென்மாநிலங்களின் வறிய வெள்ளையர் தேவாலயத்திலும் வயலிலும் பாடிவந்த பாட்டும், கறுப்பு மக்களின் 'புளூஸ்' இசையும் கலந்து உருவானது அது. பேக்கர்ஸ்பீல்டின் மதுச்சாலைகளிலே, பகலெல்லாம் பருத்தி பறித்தவரும் எண்ணெய்க் கிணற்றிலே உழைத்தவரும் இரவில் ஆடிக் களைப்பாற, மின்சாரக் கித்தாரின் கூர்மையான ஒலியோடு அது புதுவடிவம் பெற்றது. நாஷ்வில் நகரத்து இசைத்தட்டுக்களில் மெழுகிவிட்டாற்போல் ஒலிக்கும் வயலின் கூட்டத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. தண்டனை பெற்றவன் வெளியே வந்தபின்னும் சுமக்கும் வடு, கொலைக்களத்துக்குச் செல்லும் கைதியின் இறுதி வேண்டுகோள், மகனைத் திருத்த முயன்று தோற்ற தாய் ஆகிய இவையே 1967, 1968ஆம் ஆண்டுகளில் ஹகார்ட் பாடிய பொருள்கள். இவற்றைப் பொய்யென்று சொல்ல எவருக்கும் துணிவில்லை.

இனி 1969ஆம் ஆண்டைப் பார்ப்போம். அவ்வோராண்டிலே அவருடைய மூன்று பாடல்கள் கன்ட்ரி இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றன. முதலாவது, 'ஹங்கிரி ஐஸ்'. கூலிமுகாமில் வாடும் தாயின் பசித்த கண்களை மகன் நினைவுகூரும் பாட்டு. ஏழ்மைக்கு ஏழையின் குணம் காரணமன்று, மேலேயுள்ள வர்க்கமே காரணம் என்பதை நேராகவே உணர்த்துவது. இரண்டாவது, 'வேர்க்கிங் மான் புளூஸ்'. ஒன்பது பிள்ளைகளின் தந்தையான தொழிலாளி, உடலில் வலுவுள்ளவரை உழைப்பேன், அரசின் உதவிப்பணத்தை நாடேன் என்று மார்தட்டும் பாட்டு. மூன்றாவதுதான் 'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகி'. இராணுவ அழைப்புச் சீட்டை எரிக்கும் இளைஞரையும் நீண்ட தலைமயிர்க்காரரையும் ஏளனம் செய்து, சிற்றூரின் ஒழுங்கையும் தேசக்கொடியையும் புகழ்வது.

இம்மூன்றையும் வரிசையாகக் கேட்பவருக்கு ஓருண்மை புலப்படும். இரண்டாவது பாட்டே முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையிலுள்ள பாலம். 'நிவாரணத்தைத் தின்ன வந்தவன்' என்று தன் பெற்றோர் ஏசப்பட்டதை மறவாத மகன், 'நான் ஒருபோதும் கைநீட்டமாட்டேன்' என்று சூளுரைக்கிறான். அந்த மானவுணர்வு நியாயமானது. ஆனால் அமைப்பாகத் திரண்டு நிற்காத மானவுணர்வு இருமுனைக் கத்தியாகும். மேலே உள்ள சுரண்டுபவனை நோக்கித் திரும்ப வேண்டிய அது, கைநீட்டும் இன்னோர் ஏழையை நோக்கியும், கல்லூரி மாணவனை நோக்கியும் திரும்பிவிடுகிறது. 'ஓக்கி' என்ற இழிபெயரைப் பெருமைப்பெயராக மாற்றியது மூன்றாவது பாட்டின் வலிமை. அப்பெருமையை யுத்தக்காரரின் காலடியில் வைத்தது அதன் வீழ்ச்சி. 1969 நொவெம்பர் 3ஆம் திகதி நிக்சன், யுத்தத்தைத் தொடர்வதற்கு 'மௌனப் பெரும்பான்மை'யின் ஆதரவு கோரி உரையாற்றினார். அதே மாதத்தில் இப்பாட்டு முதலிடத்துக்கு ஏறியது. மௌனப் பெரும்பான்மைக்கு ஒரு குரல் கிடைத்துவிட்டது!

அந்த மானவுணர்வு அமைப்பாகத் திரள முயன்றதே இல்லையா? முயன்றது. அம்முயற்சி முறியடிக்கப்பட்டது. முறியடித்தவர் யார் என்பதிலேதான் இக்கதையின் உயிர்நிலை இருக்கிறது.

1947 ஒக்டோபரில், அதே கேர்ன் மாவட்டத்தின் ஆர்வின் ஊரிலே, டிஜோர்ஜியோ கம்பனியின் பெரும் பழத்தோட்டத்திலே ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பெரும்பாலோர் ஓக்கிகள், மெக்சிக்கத் தொழிலாளரும் உடன் நின்றனர். மணிக்குப் 10 சதச் சம்பள உயர்வும் சங்கத்துக்கு அங்கீகாரமுமே அவர்கள் கேட்டவை. 1948இல் சங்கத் தலைவர் ஜேம்ஸ் பிரைஸ் துப்பாக்கியாற் சுடப்பட்டுக் காயமுற்றார். 1949 நொவெம்பரில் காங்கிரஸ் உபகுழுவொன்று பேக்கர்ஸ்பீல்டுக்கு வந்து விசாரணை நடத்தியது. அக்குழுவிலிருந்த இளம் உறுப்பினர் ஒருவரின் பெயர் ரிச்சட் நிக்சன்! 1950இல் அவர் பெயரையும் தாங்கி வெளிவந்த அறிக்கை கம்பனியின் பக்கமே நின்றது. அவ்வாண்டிலேயே வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது.

வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஹகார்ட்டுக்கு வயது பத்து. தம் மக்களின் சங்கம் நசுக்கப்பட்டதில் பங்குகொண்ட அதே மனிதரின் முன்னிலையில், 1973 மார்ச்சில், வெள்ளை மாளிகையிலே அவர் நின்று பாடினார். ஒரு வர்க்கத்தின் நினைவு எத்துணை முழுமையாகத் துடைத்தெறியப்படலாம் என்பதற்கு இதனினும் கொடிய உதாரணம் வேறு வேண்டுமோ?

துடைத்தெறிந்தது தனியொரு நிக்சனல்லர். 1930ஆம் ஆண்டுகளில் ஒக்லஹோமாவின் மைந்தரான வூடி கத்ரி இதே புலம்பெயர்ந்தோரின் முகாம்களிலே பாடினார். கலிபோர்னியாவின் கம்யூனிஸ்ட் பத்திரிகையிலே பத்தி எழுதினார். அன்று ஓக்கியின் பாட்டும் இடதுசாரி இயக்கமும் ஒரே மேடையில் நின்றன. பின்னர் கெடுபிடிப் போர் வந்தது. 1949, 1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்கத் தொழிற்சங்க சம்மேளனமொன்று, இடதுசாரித் தலைமையுள்ள 11 சங்கங்களை வெளியேற்றியது. வயற்றொழிலாளரைத் திரட்டிய சங்கமும் அவற்றுள் ஒன்று. சங்கம் போன இடத்திலே மதுச்சாலையும் வானொலியும் எஞ்சின. வயிற்றிலே பசியையும் நெஞ்சிலே அவமானத்தையும் சுமந்த இளைஞனுக்கு, பகைவன் யார் என்று காட்டக் கூடியவர் எவரும் அங்கிருக்கவில்லை.

இசைத்தட்டு வியாபாரிகள் மாத்திரம் இருந்தனர். மஸ்கோகிப் பாட்டின் வெற்றிக்குப் பின் ஹகார்ட் வெளியிட விரும்பிய பாட்டு 'இர்மா ஜக்சன்'. வெள்ளை இளைஞனும் கறுப்புப் பெண்ணும் கொண்ட காதலையும், அதனை ஏற்க மறுக்கும் சமுதாயத்தையும் பற்றியது அது. கலப்பு மணத்தைத் தடைசெய்த மாநிலச் சட்டங்கள் செல்லாவென்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1967இலேதான் தீர்ப்பளித்திருந்தது. கம்பனி தயங்கியது, இரசிகர் கூட்டம் கலையுமே, சந்தை கெடுமே என்று அஞ்சியது. 1970இல் அதற்குப் பதிலாக வெளிவந்தது, நாட்டைக் குறைகூறுவோரைச் சண்டைக்கு அழைக்கும் இன்னொரு கொடிப்பாட்டு. 'இர்மா ஜக்சன்' 1972இலேதான் ஓர் இசைத்தட்டின் உள்ளே ஒதுங்கி வெளிவந்தது. ஒரு கலைஞரின் நெஞ்சிலே இரண்டு விதைகள் இருந்தன. முதலாளித்துவச் சந்தை எதற்கு நீரூற்றியது என்பதைப் பாருங்கள்! 'மக்கள் விரும்புவதைத்தான் நாங்கள் விற்கிறோம்' என்று சொல்லும் வியாபாரி, மக்கள் விரும்பக்கூடிய மற்றொன்றை அலுமாரிக்குள் பூட்டிவைத்த கதை இது.

இவ்வளவு கூறியதனால் ஹகார்ட்டைக் குற்றமற்றவராக்க நாம் முனையவில்லை. 1965இல், பேக்கர்ஸ்பீல்டுக்கு வடக்கே அதிக தூரமில்லாத டிலானோவில், பிலிப்பைன், மெக்சிக்கத் தொழிலாளர் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தைத் தொடங்கினர். 1966இல் அதே டிஜோர்ஜியோ கம்பனியின் தொழிலாளர் வாக்களித்து, சீசர் சாவேசின் சங்கத்தைத் தமதாகத் தெரிந்தனர். ஓக்கிகள் 1950இல் இழந்ததை வேறு நிறத்துத் தொழிலாளர் 1966இல் வென்றெடுத்தனர். தம் தாயின் பசித்த கண்களைப் பாடிய ஹகார்ட், தம் ஊருக்கு அண்மையிலே அதே வயல்களில் நின்ற மற்றத் தாய்மாரின் கண்களைப் புகழின் உச்சியில் நின்றபோது பாடவில்லை. கம்பனி பூட்டிவைத்ததென்று இதற்குச் சாக்குச் சொல்லமுடியாது. இது அவருடைய மௌனம். கணக்கிலே அவர் பேரிலேயே எழுதப்படவேண்டியது.

ஆயினும் கணக்கை 1973உடன் மூடிவிடுவதும் நேர்மையாகாது. 1973இன் இறுதியிலேயே, ஆலையிலிருந்து நிறுத்தப்பட்ட தந்தை பிள்ளைக்கு நத்தார்ப் பரிசு வாங்க இயலாது தவிக்கும் பாட்டை அவர் வெளியிட்டார். 2003இல் ஈராக் யுத்தச் செய்திகளை மறைத்த பத்திரிகையுலகைச் சாடிப் பாடினார். அந்த யுத்தத்தைக் கண்டித்தமைக்காகக் கன்ட்ரி வானொலிகள் புறக்கணித்த பெண்கள் குழுவொன்றுக்காகக் குரல்கொடுத்தார். 2005இல், படைகள் வீடு திரும்பட்டும், நாட்டைக் கட்டுங்கள் என்று பாடினார். 2016 ஏப்ரல் 6ஆம் திகதி, தமது 79ஆவது பிறந்தநாளிலே, இறந்தார். மஸ்கோகிப் பாட்டைத் தாம் எழுதிய நோக்கம் பற்றி ஒரு காலத்தில் ஒன்றும் வேறொரு காலத்தில் வேறொன்றுமாகக் கூறிவந்தார். முரண்பாடு அவரோடு பிறந்து அவரோடு வளர்ந்தது. ஏனெனில் அது அவருடைய வர்க்கத்தின் முரண்பாடு.

பால்சாக் மன்னராட்சியின் ஆதரவாளர். ஆயினும் அவருடைய யதார்த்தம் அவருடைய அரசியலையே மீறிச் சென்றது என்று ஏங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதத்தை நம்மிற் பலர் மேற்கோள் காட்டுகிறோம். பிரெஞ்சு நாவலாசிரியருக்குக் கொடுக்கும் இந்த நியாயத்தைப் புகையிரதப் பெட்டியில் வளர்ந்த பாட்டுக்காரருக்கு ஏன் மறுக்கிறோம்? அவர் கல்லாதவர், அவர் பாட்டு மதுச்சாலைப் பாட்டு என்பதாலன்றோ? அப்படியாயின் நமது முற்போக்கு, படித்தவரின் முகச்சுளிப்புக்கு வேறு பெயரேயன்றிப் பிறிதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! உழைப்பவன் இரவிலே எந்தப் பாட்டைக் கேட்கிறான் என்பது நமக்கு அற்பமான விடயமாகத் தோன்றலாம். நிக்சனுக்கு அது அற்பமாகத் தோன்றவில்லை. இசைத்தட்டுக் கம்பனிக்கும் தோன்றவில்லை. நாம் காதைப் பொத்திக்கொண்ட பாட்டை அவர்கள் கைநீட்டி எடுத்துக்கொண்டனர். பாட்டைப் பறிகொடுத்த இயக்கம், நாளடைவிலே அதைப் பாடிய மக்களையும் பறிகொடுக்கும். எனவே, 'ஹங்கிரி ஐஸ்' பாட்டை வகுப்பறையிலே கேட்கச் செய்யுங்கள். அதனருகே மஸ்கோகிப் பாட்டையும் வையுங்கள். ஒரே நாவிலிருந்து ஓராண்டுக்குள் இவ்விரண்டும் எவ்வாறு பிறந்தன என்று கேளுங்கள். ஆர்வின் தோட்டத்து வேலைநிறுத்தத்தைச் சொல்லாமல் அக்கேள்விக்கு விடையில்லை. அந்த விடையை மறைத்துவைத்திருப்பவர்களோடுதான் நமது வழக்கு.