விலை பார்க்கும் சட்டம் மொழி பார்க்காதோ?

ஆட்சிமொழி தமிழே என 1956-இல் சட்டம் வகுத்தாயிற்று. தமிழ்99 விசைப்பலகையை 1999-இல் அரசு ஏற்றது. 2010-இல் ஒருங்குறியைத் தரமாக்கி ஆணையிட்டது. ஆணைகளுக்குக் குறைவில்லை, காக்கவேண்டிய வாயிலில்தான் காவல் வேண்டும்.

அவ்வாயில் எது? அரசு கணிப்பொறி வாங்கும் இடம்! 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி ஒளிவுமறைவின்மைச் சட்டம், கேட்பு ஆவணத்தில் கண்ட அளவைகளின்படி மதிப்பிட்டுக் குறைந்த விலையை ஏற்கச் சொல்கிறது. நன்று! ஆனால், அந்த அளவைகளுள் தமிழ் இல்லையேல், தமிழறியாப் பொறியே மலிவென்று அரியணை ஏறும்.

வள்ளியூர் என்பதற்குத் தமிழில் ஒரே வடிவம். ஆங்கில எழுத்திலோ ஆளுக்கொரு வடிவம். ஓரூரைப் பொறி ஈரூராகக் கொள்ளும். பெயர் பிழைபட்டால் பட்டாவுக்கு அலைபவன் வள்ளியூர் உழவனே. பொறி விற்றவன் அல்லன்.

தமிழ் கேட்டால் விலை ஏறும் என்பர் சிலர். வாங்கியபின் திருத்தும் செலவு எவர் தலையில் விழும்?

தமிழ் விசையும், ஒருங்குறியும், தமிழ்ப் பதிவும் இல்லாப் பொறி வேண்டா என ஒவ்வொரு கேட்பு ஆவணத்திலும் எழுதுக! அதற்குப் புதுச்சட்டம் வேண்டா. உள்ள சட்டமே போதும். எழுத மறுக்கும் கையைத் தமிழர் தட்டிக் கேட்பாராக!