‘கேப்டன், இது சரியில்லை!’ - சொல்லத் தெரிந்தால்தான் விமானி

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பயணிகளோடு பறந்துவிடலாம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், அதற்குப் பிறகுதான் பெரிய படிப்பே ஆரம்பிக்கிறது.

இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பெரும்பகுதி சின்னஞ்சிறு விமானங்களில் கழிந்திருக்கும். ஏர்பஸ் ஏ320 போன்ற பெரிய ஜெட்டை ஓட்ட, அந்த ரக விமானத்துக்கென்றே தனி அனுமதி தேவை. அதற்கான பயிற்சி சிமுலேட்டரில் நடக்கும். டேக்-ஆஃப் வேகத்தில் ஓடும்போது ஒரு இன்ஜினை நிறுத்திவிடுவார் பயிற்சியாளர். எத்தனை முறை தப்பு செய்தாலும் அங்கே யாருக்கும் அடிபடாது.

அடுத்து, பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் சில முறை ஏறி, இறங்கிக் காட்ட வேண்டும். பிறகுதான் லைன் டிரெய்னிங். நிஜப் பயணிகள், நிஜ மழை, நிஜத் தாமதம்! இடது இருக்கையில் பயிற்சி தரும் கேப்டன், வலது இருக்கையில் புதியவர். முதல் சில பயணங்களில், பின்னால் இன்னொரு விமானியும் பாதுகாப்புக்காக உட்கார்ந்திருப்பார்.

சுவரில் ஒரு காக்பிட்

இதற்கான தயாரிப்பு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. காக்பிட் படத்தைச் சுவரில் ஒட்டி, எதிரே நாற்காலி போட்டு, எந்த ஸ்விட்சுக்குப் பிறகு எது என்று கையால் தொட்டுத் தொட்டுப் பழகுவார்கள். சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாய்விட்டே சொல்வார்கள். பார்க்கிற வீட்டாருக்குச் சிரிப்பு வரும். ஆனால், கை தானாகப் போனால்தான் மூளை வேறு விஷயத்தை யோசிக்க முடியும்.

சென்னை - மதுரை போன்ற குறுகிய பயணங்களில் இது நன்றாகத் தெரியும். மேலே போய்ச் சேர்ந்த சற்று நேரத்திலேயே இறங்கும் வேலை வந்துவிடும். வானிலை, ஓடுபாதை, எரிபொருள், இறங்க முடியாவிட்டால் போக வேண்டிய மாற்று விமான நிலையம்... இவற்றை முன்கூட்டியே பார்த்து வைக்காதவருக்கு மூச்சு முட்டிப்போகும்.

வாய் திறப்பதும் பாடம்

காக்பிட்டில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். கண்காணிப்பவர் சும்மா இருப்பவர் அல்ல. வேகம் குறைந்தாலும் உயரம் தவறினாலும் உடனே சொல்ல வேண்டியவர் அவர்தான். இருபது வருட அனுபவசாலியிடம் நேற்று வந்தவர் அப்படிச் சொல்வது லேசான காரியமா?

சொல்லத் தயங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1977 மார்ச் 27 சாட்சி. டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். எதிர் விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் இன்ஜினீயர் ஒரு முறை கேட்டார். மூத்த கேப்டன் உறுதியாகப் பதில் சொன்னதும், மேற்கொண்டு யாரும் தடுக்கவில்லை. இந்த விபத்தும் அந்தக் காலத்தின் வேறு சில விபத்துகளும்தான், காக்பிட்டில் குழுவாகப் பேசி முடிவெடுப்பதை ஒரு பாடமாகவே ஆக்கின.

லைன் டிரெய்னிங் முடிவில் வரும் செக் ஃப்ளைட்டிலும் இதைக் கவனிக்கிறார்கள். விமானம் பஞ்சு மாதிரி தரையைத் தொட்டதா என்பது மட்டும் அங்கே கணக்கில்லை. இறங்கும்போது வேகமோ உயரமோ சரியாக அமையாவிட்டால், இழுத்துப் பிடித்து இறக்கப் பார்க்கிறாரா, ‘கோ-அரவுண்ட்’ என்று சொல்லி மறுபடி மேலே ஏறுகிறாரா? ஏறுபவர்தான் பாஸ்! செய்த தப்பை மறைக்காமல் சொல்லி, உடனே திருத்துபவருக்கும் மதிப்பு உண்டு.

இதோடு பரீட்சை முடிந்துவிடாது. பணியில் இருக்கும்வரை, தலை நரைத்த கேப்டனும் வருடத்துக்கு இரண்டு முறை திறன் தேர்வு எழுதாமல் எழுத வேண்டும், சிமுலேட்டரில்!

நீங்கள் போகும் விமானம் ஓடுபாதை வரை வந்துவிட்டுச் சட்டென்று மறுபடி மேலே ஏறினால் பதறாதீர்கள். உள்ளே யாரோ ஒருவர் சரியான நேரத்தில் வாய் திறந்திருக்கலாம்.