பொம்மைக்குக் கிடைத்த மரியாதை

“வெள்ளைக்காரன் காடி கெட்டி, நம்ம காடி தகரம்லா.” பினாங்கில் எந்தத் தே தாரிக் கடையில் உட்கார்ந்தாலும் இது காதில் விழும். படித்தவர்கள் கொஞ்சம் நாசூக்காகச் சொல்வார்கள்: “சந்தை வேறு, அதனால் தயாரிப்பும் வேறு.” இரண்டையும் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரே சின்னக் காடி மூன்று நாட்டில் மூன்று மாதிரி விற்கிறதென்றால், முதலில் பார்க்கவேண்டியது அந்தந்த நாட்டுச் சட்டத்தை. மோதலில் நொறுங்கப்போகிற உடலுக்கு அது என்ன விலை வைத்திருக்கிறது?

1985-இல் மகாதீர் புதுப் பினாங்குப் பாலத்தில் சிவப்பு சாகாவை ஓட்டிப்போனதை நம் அப்பாக்கள் இன்னும் பெருமையாகச் சொல்கிறார்கள். அடுத்த கதையைச் சொல்வதில்லை. அதே சாகாவை அமெரிக்காவில் இறக்க மால்கம் பிரிக்லின் (யூகோ காடியை அங்கே கொண்டுபோன அதே ஆள்) திட்டம் போட்டார். அமெரிக்க விதிகளைத் தாண்டமுடியாமல் அது நின்றுபோனது. 1989-இல் பிரிட்டன் போனது, நன்றாகவே விற்றது. ஒரு வாசலில் தடுத்தார்கள், இன்னொன்றில் சோதித்து உள்ளே விட்டார்கள். நம் வீட்டுக்கு வாசலே இல்லை, நேராக வந்து நின்றது.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்களுக்குள் போட்ட சண்டை இன்னும் சுவாரசியம். 1984-இல் அமெரிக்காவில் பெல்ட் போட்டவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். அதனால் அவர்கள் சட்டம் பெல்ட் போடாத ஆளையே கணக்கில் எடுத்தது. பெல்ட் இல்லாத பொம்மை முன்னால் பாயும். அதை நிறுத்தப் பெரிய காற்றுப்பை வேண்டும், அது வேகமாக விரியவும் வேண்டும். அந்த வேகமே குழந்தைகளையும் குள்ளமான பெண்களையும் கொன்றது. 1998 மாடல்களிலிருந்து விசையைக் குறைத்தார்கள். ஐரோப்பாவோ பெல்ட் போட்டவரை வைத்துத் தொடங்கியது. அங்கே சின்னப் பை போதும். இதில் வேடிக்கை, ஐரோப்பியச் சட்டம் ‘காற்றுப்பை வை’ என்று சொல்லவே இல்லை. மோதிப் பார், பொம்மையின் தலையிலும் நெஞ்சிலும் இந்த அளவுக்கு மேல் அடி விழக்கூடாது, அவ்வளவுதான் என்றது. எப்படி என்பது உன் பாடு. இன்ஜினியருக்கு இதைவிட நேர்மையான உத்தரவு கிடையாது.

ஆக, பெல்ட் போடுவானா மாட்டானா என்று இரண்டு கண்டங்கள் அடித்துக்கொண்டன. நம்மைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

2005-இல் மைவி வந்தது. அதன் ரத்த உறவு டைஹாட்சு சிரியோன் அதே ஆண்டு யூரோ என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. இங்கே காற்றுப்பையும் ஏபிஎஸ் பிரேக்கும் வேண்டுமென்றால் விலை கூடிய மைவியை வாங்கவேண்டும். சாதா மைவியில் இரண்டும் இல்லை. ஸ்டீயரிங்கின் நடுவில் வெறும் மூடி. ஹார்ன் அடிக்கலாம்.

“நம்ம ஆளுங்க விலைதாண்ணே பார்ப்பாங்க” என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. ஆசியான் என்கேப் 2013-இல் சோதனை முடிவுகளை வெளியிடத் தொடங்கியது. 2017-இல் வந்த மைவியில் ஆகக் குறைந்த விலை மாடலிலும் நான்கு காற்றுப்பைகள், வழுக்காமல் பிடிக்கும் விஎஸ்சி, ஐந்து நட்சத்திரம். தொடக்க விலை 44,300 வெள்ளி. மக்கள் வாங்காமல் ஓடிவிட்டார்களா? சாலையைப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலும் இதே கூத்துதான். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய் ஐ10 ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது. 2008-இல் யூரோ என்கேப்பில் நான்கு நட்சத்திரம். 2014-இல் குளோபல் என்கேப், இந்தியாவில் விற்ற காற்றுப்பை இல்லாத ஐ10-ஐ மோதிப் பார்த்தது. பூஜ்யம். ஓர் ஊர்த் தொழிலாளி, ஒரே தொழிற்சாலை. கப்பலேறும் காடிக்குப் பை உண்டு, ஊரில் ஓடும் காடிக்கு இல்லை. இதையும் ‘தரம்’ என்ற சொல்லால் விளக்கப் பார்ப்பவரிடம் எனக்குப் பேச்சில்லை.

நம் இலக்கியக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கதையில் கார் வந்தாலே அது நடுத்தர வர்க்க ஆசையின் படிமம் என்று எழுதிவிட்டுப் போகிறோம். தோட்டம் விட்டு வந்த குடும்பம் முதல் காடி வாங்கியதைப் பகட்டு என்று கிண்டல் செய்யத் தெரிகிறது. அந்தக் காடியிலிருந்து எதை உருவிவிட்டுக் கொடுத்தார்கள் என்று கேட்கத் தெரியவில்லை. 

நிபோங் திபாலில் நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தேன். இப்போது பாயான் லெப்பாஸில் வேலை. ஒரே பொருள் எந்த நாட்டுக்குப் போகிறது என்பதைப் பொறுத்துச் சோதனைப் பட்டியல் நீளும், குறையும். அதைத் தீர்மானிப்பது வாங்குகிறவரின் ரசனை என்று என் மேலாளர்கூட சொல்லமாட்டார்.

விலை கூடிய புது மாடல் வந்ததும் பழையது மறைந்துவிடாது. அது கைமாறும். புதுக் காடிக்குக் கடன் கிடைக்காதவன் கைக்கு. என் அக்கா பிறையில் வேலைக்குப் போவது அப்படி மூன்று கை மாறிய ஒன்றில். காலை ஆறரைக்குப் பாலம் ஏறுவாள், பெல்ட் போட்டுத்தான். முன்னால் பை இல்லை.