அப்ரூவல் இருந்தால் மட்டும் போதுமா? உங்கள் வீட்டுக்கு முன்பே ஊரை வரையும் டவுன் பிளானர்!

மனை பார்க்கப் போனால் நாம் கேட்கும் முதல் கேள்வி, "சி.எம்.டி.ஏ அப்ரூவ்டா சார்?" 'ஆமா' என்று பதில் வந்ததும் பேச்சு பேங்க் லோன், இ.எம்.ஐ பக்கம் போய்விடும். டிசம்பர் மழையில் அதே வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிறகுதான் அடுத்த கேள்வி வரும்: "இங்கெல்லாம் வீடு கட்ட யாருங்க விட்டது?"

இந்தக் கேள்வியைப் பல வருஷம் முன்னாடியே கேட்க வேண்டியவர் ஒருத்தர் இருக்கார். அவர்தான் டவுன் பிளானர், அதாவது நகரமைப்பு வல்லுநர்.

என்ன வேலை?

ஆர்க்கிடெக்ட் ஒரு கட்டடத்தை வரைகிறார் என்றால், பிளானர் ஊரையே வரைகிறார். எங்கே குடியிருப்பு வரலாம், எங்கே தொழிற்சாலை, எது விவசாய நிலம், எந்த இடத்தைத் தொடவே கூடாது என்று சர்வே எண் வாரியாகப் பிரிப்பதுதான் அவர் வேலை. இதற்காக மக்கள்தொகை, சாலை, குடிநீர், ஏரி, மழைநீர் ஓடும் பாதை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைபடத்தில் அடுக்கிப் பார்ப்பார்.

இதற்கான அடிப்படை, 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் 1975-ல் வந்தது. 2008-ல் வந்த இரண்டாவது பிளான் 2026 வரைக்குமானது. அடுத்ததாக, 2046 வரைக்குமான மூன்றாவது பிளானைத் தயாரிக்கிறது சி.எம்.டி.ஏ. இதற்கிடையே 1,189 சதுர கி.மீ ஆக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, 2022-ல் 5,904 சதுர கி.மீ ஆக விரிவாக்கப்பட்டது. அதாவது, இன்று வயலும் ஏரியுமாக இருக்கும் பல ஊர்களின் எதிர்காலம் இந்த பிளானில்தான் முடிவாகப் போகிறது.

பள்ளிக்கரணை சொல்லும் பாடம்

பார்ப்பவர் கண்ணுக்குப் பள்ளிக்கரணை வெறும் காலி இடம். உண்மையில் அது தென்சென்னையின் வடிகால். சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீர் இங்கே வந்து தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேரும். அந்தச் சதுப்பு நிலத்தில்தான் குப்பைக் கிடங்கு வந்தது, சாலை வந்தது, ஐ.டி வளாகங்களும் அடுக்குமாடிகளும் நெருங்கி வந்தன. எஞ்சிய பகுதியில் சுமார் 1,248 ஹெக்டேருக்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு ஏழு வருஷம் முன்பே, 2015 வெள்ளம் அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தது.

சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், ஆள் பற்றாக்குறை. நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட டவுன் பிளானர் பணியிடங்கள் தேவை என்றது நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை. மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்டிருந்த இடங்களோ 4,000-க்கும் குறைவு. அதிலும் பாதியை நெருங்கும் அளவுக்குக் காலி!

இரண்டாவது சிக்கல், 'நில உபயோக மாற்றம்'. மாஸ்டர் பிளானில் விவசாய நிலம் என்று இருப்பதைக் குடியிருப்பாக மாற்றக் கேட்டு உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். ஆட்சேபனை கேட்டு நாளிதழில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும். அதை எத்தனை பேர் படிக்கிறோம்? ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். பத்து வருஷத்தை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால், ஓர் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியே அடைபட்டிருக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

காலியிடங்களில் பிளானிங் படித்தவர்களை நியமிக்க வேண்டும். அதைவிட முக்கியம், அவர்கள் 'வேண்டாம்' என்று எழுதினால் அந்தக் குறிப்பு ஃபைலுக்குள் புதைந்துவிடக் கூடாது. ஒவ்வொரு நில உபயோக மாற்றத்துக்கும் பிளானர் என்ன சொன்னார், அதை ஏற்றார்களா, ஏற்கவில்லை என்றால் ஏன் என்பதை அரசு தமிழில், ஆன்லைனில் வெளியிட வேண்டும். காரணத்தை ஊர் பார்க்க எழுத வேண்டும் என்றாலே, பல தவறான அனுமதிகள் தயங்கி நிற்கும்.

நம் பங்கும் இருக்கு. அடுத்த முறை மனை பார்க்கும்போது, சர்வே எண்ணை வைத்து அந்த இடத்தின் நில உபயோகம் என்ன என்று சி.எம்.டி.ஏ இணையதளத்தில் தேடுங்கள். முன்பு வேறாக இருந்ததா, எப்போது மாறியது என்றும் விசாரியுங்கள். மூன்றாவது பிளானின் வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது உங்கள் ஏரியாவின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். 20 வருஷ லோன் போடுகிறவர்கள், அந்த 20 வருஷ வரைபடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாமே!