பட்டையா, தொழிலா?

பட்டாளத்தில் சேர்ந்த பிள்ளை லீவில் ஊருக்கு வந்தால், "கையில் எத்தனை பட்டை?" என்றுதான் ஊரார் கேட்கிறார்களே ஒழிய, "என்ன தொழில் கற்றாய்?" என்று கேட்பவர் அபூர்வம். இந்தப் புத்தி ஊராரை மாத்திரமல்ல, சர்க்காரையும் விட்டபாடில்லை.

பட்டை என்பது ஏவுகிற அதிகாரம். சிப்பாய், நாயக், ஹவில்தார், சுபேதார் என்பவை அந்த ஏணியின் படிகள். தொழில் தேர்ச்சியோ வேறு ஏணி. நம் நாங்குநேரித் தாலுகா விஜயநாராயணத்தில் 1990-ல் கடற்படை திறந்த கட்டபொம்மன் நிலையம், கடலுக்கடியிலுள்ள நீர்மூழ்கிக் கப்பலுக்கு ரேடியோ மூலம் செய்தி அனுப்புகிறது. அந்த இயந்திரம் பழுதானால் அதைச் சரி செய்வது பட்டையா, தொழிலறிவா?

அமெரிக்கர் இதை யோசித்து, 1942-ல் தொழில் தெரிந்த சிப்பாய்க்கு 'டெக்னீஷியன்' என்று தனித்தரம் வைத்தார்கள். 1948-ல் அதை எடுத்தார்கள். 1955-ல் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று வேறு பெயரில் மறுபடியும் கொண்டு வந்தார்கள். தேவை இல்லாவிட்டால் திரும்பக் கொண்டு வருவார்களா?

நம் ராணுவம் தனித்தரம் வைக்கவில்லை. தொழிலாளரை 'எக்ஸ்' குரூப் என்று பிரித்து, ஏழாவது சம்பளக் கமிஷன்படி 2016 முதல், அங்கீகாரம் பெற்ற டிப்ளமா உள்ளவருக்கு மாதம் 6,200 ரூபாயும் மற்றவருக்கு 3,600 ரூபாயும் கூட்டிக் கொடுக்கிறது. மரியாதை கொடுக்காவிட்டாலும் கூலியாவது கொடுத்தார்கள்.

2022-ல் அறிவித்த அக்னிபாத் திட்டத்திலோ அதுவும் போயிற்று. டெக்னிக்கல் என்று சேர்ந்தவனுக்கும் ஜெனரல் டூட்டி என்று சேர்ந்தவனுக்கும் முதல் வருஷம் ஒரே 30,000 ரூபாய்தான். நாலு வருஷம் முடிந்ததும் 100-க்கு 25 பேருக்கு மேல் நிலைக்க இடமில்லை என்பது அத்திட்டம். பேட்டை ஐ.டி.ஐ.யில் கற்று, பட்டாளத்தில் கை தேறி வரும் வேளையில் வீட்டுக்கு அனுப்பினால், நஷ்டம் பிள்ளைக்கு மட்டுமா? பட்டாளத்துக்கும் அல்லவா?

"எல்லோரும் தொழிலாளியானால் கட்டளையிடுவது யார்?" என்று கேட்கலாம். கட்டளையிட ஒருவன் வேண்டியதுதான், நாம் மறுக்கவில்லை. ஆனால் ஏவுகிறவன் மேல், கையால் செய்கிறவன் கீழ் என்பது யுத்த சாஸ்திரமல்ல. நாம் ஊரில் ஒழிக்கப் பாடுபடும் பழைய வருணாசிரமப் புத்தியேயாகும்.

ஆகவே, தோழர்களே! பட்டைக்கு ஓர் ஏணி இருப்பதுபோல் தொழிலுக்கும் ஓர் ஏணி வேண்டுமென்று கேளுங்கள். தாமிரபரணிக் கரையிலிருந்து பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்புகிற பெற்றோர், எந்தப் பிரிவு, என்ன தொழில், திரும்பும்போது வெளியில் செல்லுபடியாகும் என்ன சர்டிபிகேட் என்று விசாரித்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பட்டை சட்டையோடு கழன்று போகும். தொழில் கையோடு வரும்.